இளங்கலை படிக்கும்போதே ஆய்வகத்தில் தன்னார்வலராகச் சேர்வது: நீலகிரியிலிருந்து ஒரு கேள்வி

கோத்தகிரி மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் உதகமண்டலத்தில் இளங்கலைத் தாவரவியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். வீடு கோத்தகிரிக்குக் கீழே ஒரு சிற்றூரில் இருக்கிறது. அப்பா சிறு தேயிலை விவசாயி. சென்ற பருவத்தில் எங்கள் துறையினர் ஒரு பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தின் திசு வளர்ப்பு (செடியின் சிறு துண்டைக் குடுவையில் வளர்த்துப் புதிய செடிகளாக்குவது) ஆய்வகத்தைப் பார்க்க அழைத்துச் சென்றார்கள். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடிந்துபோகும் ஒரு பகுதி அங்கே அலமாரி அலமாரியாக, விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்த பிறகு, அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் என்னைவிட்டு அகலவில்லை.

அங்கிருந்த ஆய்வு மாணவர் ஒருவர், ஊதியம் எதிர்பார்க்காமல் வந்து உதவி செய்யும் இளங்கலை மாணவர்களைச் சில பேராசிரியர்கள் சேர்த்துக்கொள்வார்கள் என்று சொன்னார். அது முதல் எனக்குப் பல ஐயங்கள். இதற்கு முறையான விண்ணப்பம் உண்டா, நேரில் போய்க் கேட்பதே வழக்கமா? சேர்த்துக்கொண்டால் குடுவை கழுவுவதும் தரை துடைப்பதும் தவிர வேறு ஏதாவது கற்றுத்தருவார்களா? வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய்வரவே பேருந்தில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் போகும் நிலையில் பருவத் தேர்வுகளைக் கெடுத்துக்கொள்ளாமல் இதைச் செய்ய முடியுமா? சம்பளம் இல்லாத வேலைக்கு ஏன் போக வேண்டும் என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வது? இந்தப் பாதையில் சென்றவர்களும், ஆய்வகம் நடத்துபவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

திசு வளர்ப்பு ஆய்வு மாணவி:

தங்கைக்கு வணக்கம். நான் முனைவர் பட்டத்துக்காக இதே துறையில்தான், இதே மலையில்தான் வேலை செய்கிறேன். இளங்கலையில் தன்னார்வலராக இருந்துதான் இங்கே வந்தேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் குடுவை கழுவுவதைப் பற்றி. ஆம், முதல் சில வாரங்கள் அதுதான். ஆனால் அதைத் தாழ்ந்த வேலை என்று நினைத்துப் போகாதீர்கள். சோப்புத்தூள் ஒட்டிய குடுவையில் ஊடகத்தை, அதாவது தளிர் வளர்வதற்கான சத்துக் கலவையை, ஊற்றினால் அமில காரத் தன்மை மாறும்; இளந்தளிர் காரணம் தெரியாமல் பழுக்கும். தூரிகையால் தேய்த்து, குழாய் நீரில் பலமுறை அலசி, கடைசியாக வாலைவடிநீரில் கழுவி, சூட்டடுப்பில் உலர்த்தி எடுப்பதை ஒழுங்காகச் செய்கிறவரைத்தான் எந்த ஆய்வகமும் அடுத்த வேலைக்கு நம்பி அனுப்பும். அடுத்த வேலை ஊடகம் தயாரிப்பது. 1962-இல் முராஷிகேயும் ஸ்கூகும் வெளியிட்ட கலவைதான் இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களின் அடிப்படை. லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, அதைக் கெட்டியாக்க எட்டு கிராம் அளவில் அகார், அகார் சேர்ப்பதற்கு முன் அமில காரத் தன்மை 5.8 என்று எல்லாம் கேட்கும்போது எளிதாகத் தோன்றும். பத்து விதமான இருப்புக் கரைசல்களில் ஒன்றை மறந்தாலும் அந்தத் தொகுதி முழுவதும் வீண்.

நம் மலைக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இதுபோன்றவற்றை ஆய்வகத்துக்குள் நின்றால்தான் கற்க முடியும். ஊடகத்தை ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனில் வைத்துக் கிருமி நீக்குவோம். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், 121 பாகை செல்சியஸ், பதினைந்து முதல் இருபது நிமிடம் என்று எல்லா நூல்களிலும் இருக்கும். ஆனால் அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் உள்ளே எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை மட்டுமே. உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே வெளிக்காற்றின் அழுத்தமே கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். வீட்டில் தண்ணீர் 93 பாகைக்குள் கொதித்துவிடுவதும், பருப்பு வேகத் தாமதமாவதும் அதனால்தான். ஆகவே மானி 15 காட்டும்போது உள்ளே வெப்பம் 117 பாகையை ஒட்டியே நிற்கும். 121-ஐத் தொட வேண்டுமானால் மானி பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் இடையில் காட்ட வேண்டும். அதைக் கருவியின் பாதுகாப்பு வால்வு அனுமதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அனுமதிக்காவிட்டால் நேரத்தைக் கூட்டி, கிருமி நீங்கியதா என்பதை வெப்பம் தாங்கும் நுண்ணுயிர் வித்துகள் தடவிய சோதனைப் பட்டையை வைத்து உறுதிசெய்ய வேண்டும். சமவெளியில் பயிற்சி பெற்று வந்த ஒருவர் 15 பவுண்டையே இங்கும் பின்பற்றினால், மூன்றாம் நாள் குடுவைகளில் கிருமிகள் வளர்ந்திருப்பதைப் பார்த்து, கை சுத்தம் போதவில்லை என்று தன்னையே நொந்துகொள்வார்.

இனி நேரத்தைப் பற்றி. பேராசிரியர்கள் தன்னார்வலரிடம் எதிர்பார்ப்பது அறிவை அல்ல, தவறாத வருகையை. தினமும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டாம் மாதம் காணாமல் போகிறவரைவிட, வாரத்தில் ஒரு சனிக்கிழமையும் ஒரு வார நாள் பிற்பகலும் ஆண்டு முழுவதும் வருகிறவர் பன்மடங்கு பயன்படுவார். திசு வளர்ப்பில் நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை தளிர்களைப் பிரித்துப் புதிய ஊடகத்துக்கு மாற்ற வேண்டும். அந்தச் சுழற்சியோடு உங்கள் நாட்களைப் பொருத்திக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரிச் சாலையில் மண் சரிந்து பேருந்து நின்றுபோவது உங்களுக்குத் தெரியும். அந்த மாதங்களில் உங்களை மட்டுமே நம்பியிருக்கும் பொறுப்பு எதையும் ஏற்காதீர்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

நேரில் போவதற்கு முன், அந்த ஆய்வகத்தின் வழிகாட்டியிடம் முன்பு முனைவர் பட்டம் பெற்றவர்களின் ஆய்வேடுகள் கிடைக்குமா என்று ‘ஷோத்கங்கா’ தளத்தில் தேடிப் பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. முழுவதும் புரிய வேண்டியதில்லை. செய்முறைப் பகுதியையும் படங்களையும் பார்த்துவிட்டுப் போனாலே உங்கள் கேள்விகள் வேறு தரத்தில் இருக்கும்.

கூடலூர் ஆசிரியர்:

மேலே எழுதிய சகோதரியின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இதன் மறுபக்கத்தையும் மாணவி தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் கல்லூரியில் கற்பிக்கிறேன். என் மாணவர்களில் ஒருவர், தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, ஓர் ஆய்வகத்தில் இரண்டு பருவங்கள் சம்பளமின்றி வேலை செய்தார். அவருக்குக் கிடைத்தது பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை மட்டுமே. அந்தத் தரவுகளைக் கொண்டு கட்டுரை வெளிவந்தபோது அதில் அவர் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. பணியாற்றியதற்குச் சான்றிதழ் கேட்டபோது, அவர் அங்கே வந்துபோனதற்கான எழுத்துப்பூர்வமான பதிவு எதுவும் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். வார இறுதியில் அவருடைய நண்பர்கள் உதகையில் விடுதிகளிலும் கடைகளிலும் பகுதிநேர வேலை செய்து தேர்வுக் கட்டணத்தைச் சம்பாதித்தார்கள். இவர் பேருந்துக்குக் கைக்காசைச் செலவழித்தார்.

சம்பளம் இல்லாமல் உழைக்க வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே அறிவியலின் வாசல் திறக்கும் என்றால் அது நியாயமான வாசல் அல்ல. எனவே என் யோசனை, முதலில் உதவித்தொகையுடன் கூடிய வழிகளை முயல வேண்டும் என்பதே. பெங்களூரு, தில்லி, பிரயாக்ராஜ் ஆகிய இடங்களில் உள்ள மூன்று அறிவியல் கழகங்களும் இணைந்து நடத்தும் கோடை ஆய்வு நல்கைத் திட்டத்தில் தேர்வானால் இரண்டு மாதம் உதவித்தொகையுடன் நாட்டின் சிறந்த ஆய்வகம் ஒன்றில் வேலை செய்யலாம். மாணவி அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். இதுவரை பெறவில்லை என்றால் கல்லூரி அலுவலகத்தில் உடனே கேட்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு தன்னார்வலராகத்தான் சேர வேண்டும் என்றால், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த மாதம் வரை, என்ன வேலை, முடிவில் என்ன சான்று என்பதை எழுதி வாங்கிக்கொண்டு சேர வேண்டும்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்:

கூடலூர் ஆசிரியர் சொன்ன நிகழ்வு என்னை வருத்துகிறது. அப்படி நடப்பது உண்மை. நீண்ட காலம் மகரந்தத் துகள் ஆய்வகம் ஒன்றை நடத்தியவன் என்ற முறையில், வழிகாட்டியின் பக்கமிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். இது அந்த ஆய்வகத்தை நியாயப்படுத்துவதற்காக அல்ல. மாணவி எதைக் கேட்க உரிமையுள்ளவர் என்பது தெளிவாக வேண்டும் என்பதற்காக.

வெளி நிதியில் நடக்கும் திட்டத்தில் ஒப்புதல் பெற்ற பணியிடங்களுக்கு மட்டுமே ஊதியம் தர முடியும். நல்ல மனம் இருந்தாலும் வழிகாட்டி தன் விருப்பப்படி ஒரு மாணவருக்குச் சம்பளம் போட முடியாது. ஆனால் அவர் தரக்கூடியவை வேறு உண்டு. நேரம், பயிற்சி, பெயர் ஆகிய மூன்றும் அவர் கையில் இருப்பவை. இவற்றில் ஒன்றைக்கூடத் தராத இடத்தில் மாணவர் தொடர்ந்து இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பெயரைப் பற்றி முதலில். கட்டுரையில் இணையாசிரியராக இடம்பெற, ஆய்வின் கருத்தாக்கத்திலோ தரவைத் திரட்டிப் பகுத்தாய்வதிலோ குறிப்பிடத்தக்க பங்கு இருக்க வேண்டும்; எழுதப்பட்டதைப் படித்து அதற்குப் பொறுப்பேற்கவும் வேண்டும். கழுவியதற்கும் ஒட்டுச்சீட்டு எழுதியதற்கும் அந்த இடம் கிடைக்காது. நன்றியுரையில் பெயர் கட்டாயம் வர வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட வேலைகளில்தான் சச்சரவு வரும். எங்கள் ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரைகுறையாக மக்கிய தாவரங்கள் படிந்த கரிப்புல் சதுப்பிலிருந்து எடுத்த மண்ணைப் பதப்படுத்தி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஒவ்வொரு மாதிரியிலும் முந்நூறு மகரந்தத் துகள்களையாவது இனம் பிரித்து எண்ண வேண்டும். புல்லின் துகள் வழவழப்பான உருண்டையாக, ஒற்றைத் துளையோடு இருக்கும். வாட்டில் (சீகை) மரத்தின் துகளோ பல செல்கள் சேர்ந்த கொத்தாக இருக்கும். இந்த இரண்டையும் ஒரு வாரத்தில் பிரித்தறியலாம். சோலை மரங்களின் துகள்களைப் பிரித்தறிய ஆறு மாதமாவது ஆகும். அந்த ஆறு மாதத்தைக் கடந்து, ஆய்வு மாணவரின் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் இரண்டாவது கண்ணாக ஓர் இளங்கலை மாணவர் உயர்ந்துவிட்டால், அவர் இணையாசிரியர் இடத்தைக் கேட்கலாம், நான் கொடுத்திருக்கிறேன். அந்த வேலையைத் தொடங்கும் நாளிலேயே இதைப் பேசிவிட வேண்டும். கட்டுரை அச்சுக்குப் போன பிறகு பேசினால் உறவும் கெடும், பலனும் இருக்காது.

அடுத்தது பாதுகாப்பு. மகரந்தத்தைப் பதப்படுத்தும் முறையில் ஒன்பது பங்கு அசிட்டிக் அன்ஹைட்ரைடும் ஒரு பங்கு அடர் கந்தக அமிலமும் கலந்த திரவத்தைச் சூடாக்க வேண்டும். அது தண்ணீர் பட்டால் சீறித் தெறிக்கும். அதனால்தான் மாதிரியைக் கலவைக்குள் விடுவதற்கு முன் கிளேசியல் அசிட்டிக் அமிலத்தால் கழுவி ஈரத்தை முழுவதும் நீக்குகிறோம். இந்த வேலையைத் தன்னார்வலரிடம் தனியாக ஒப்படைக்கும் ஆய்வகத்தில் சேராதீர்கள். திசு வளர்ப்பிலும் ஆபத்து உண்டு: எரிசாராயத்தில் தோய்த்த இடுக்கியைச் சுடரில் காட்டும் மேசைக்குப் பக்கத்திலேயே எரிசாராயப் புட்டி திறந்திருந்தால் தீப்பற்றுவது நொடி வேலை. தீயணைப்பான் எங்கே இருக்கிறது, கண் கழுவும் இடம் எங்கே, மாலை ஆறு மணிக்கு மேல் உடன் யார் இருப்பார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். கேட்பதை அதிகப்பிரசங்கம் என்று கருதும் வழிகாட்டியிடம் கற்க எதுவும் இல்லை.

பணம் பற்றி ஒன்று. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ஆய்வுத் திட்டங்களுக்குக் கல்லூரி வழியாக நிதி வழங்குகிறது. இரண்டாமாண்டில் தன்னார்வலராகக் கற்றதை, இறுதியாண்டில் உங்கள் துறைப் பேராசிரியரை வழிகாட்டியாகக் கொண்டு ஒரு சிறு திட்டமாக எழுதினால் செலவில் ஒரு பகுதியாவது கிடைக்கும். அந்த ஆய்வும் உங்கள் பெயரில் இருக்கும். கூடலூர் ஆசிரியரின் கவலைக்கும் இதில் ஓரளவு விடை இருக்கிறது.

கூடலூர் ஆசிரியர்:

ஓரளவுதான், ஐயா. இறுதியாண்டு வரை தாக்குப்பிடிக்க முடிந்தவருக்குத்தான் அந்த நிதி. முதல் ஆண்டின் பேருந்துச் செலவை யார் ஏற்பது என்பது அப்படியே நிற்கிறது. ஆயினும் பெயரையும் பாதுகாப்பையும் முதல் நாளே பேச வேண்டும் என்று ஒரு வழிகாட்டியே சொல்வது மாணவர்களுக்குத் துணிவு தரும். என் வகுப்பில் இதைப் படித்துக் காட்டப்போகிறேன்.

கோத்தகிரி மாணவி:

எல்லோருக்கும் நன்றி. ஆட்டோகிளேவ் பற்றிப் படித்தபோது, எங்கள் செய்முறை வகுப்பிலும் 15 பவுண்டு என்றுதான் எழுதினோம் என்பது நினைவுக்கு வந்தது. எங்கள் ஆசிரியரிடம் கேட்கப்போகிறேன். புதுமைப்பெண் தொகை எனக்கு வருகிறது. பேருந்துக்கு அதுவே போதும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். ஆய்வகத்தில் எல்லோரும் ஆங்கிலத்தில் பேசினால் என்ன செய்வேன் என்ற அச்சம் உண்மையாகவே இருக்கிறது. இரண்டாவது, என் தோழி இயற்பியல் படிக்கிறாள். அவளும் இதுபோல் எங்காவது சேர முடியுமா என்று கேட்கிறாள். உதகையில் முத்தோரையிலேயே பெரிய தொலைநோக்கி இருக்கிறதே, அங்கே கேட்கலாமா?

திசு வளர்ப்பு ஆய்வு மாணவி:

மொழியைப் பற்றி அஞ்ச வேண்டாம். இங்குள்ள ஆய்வகங்களில் அன்றாடப் பேச்சு தமிழில்தான் நடக்கிறது. கருவிகளின் பெயரும் வேதிப்பொருள்களின் பெயரும் மட்டும் ஆங்கிலத்தில் வரும், அவை பதினைந்து நாளில் வாய்க்கு வந்துவிடும். நான் என் முதல் குறிப்பேட்டைத் தமிழில்தான் எழுதினேன். ‘இன்று 40 குடுவை, ஆறில் வெள்ளைப் பூசணம், அனைத்தும் இடது தட்டின் பின்வரிசை’ என்று எழுதிவைத்த வரிதான், அந்தத் தட்டின் பின்னால் சுவரில் நீர்க்கசிவு இருப்பதைக் கண்டுபிடிக்க உதவியது. எந்த மொழியில் எழுதினாலும் தேதியும் எண்ணிக்கையும் இடமும் இருக்க வேண்டும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. தவறாக எழுதியதை ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும், அழிக்கக் கூடாது. கட்டுரை வாசிப்பதற்கு ஆங்கிலம் வேண்டும்தான். வாரம் ஒரு கட்டுரையின் செய்முறைப் பகுதியை மட்டும் அகராதியோடு படித்தால் ஓராண்டில் நிலைமை மாறிவிடும்.

கொடைக்கானல் இயற்பியல்:

தோழியின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நான் பழனி மலையில் வசிப்பவன். இயற்பியலில் முதுநிலை முடித்தவன்.

முத்தோரை வானொலித் தொலைநோக்கியும், உதகையின் அண்டக்கதிர் ஆய்வகமும் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவை. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர் தன் ஆய்வகத்தில் ஒரு மாணவரை அனுமதிப்பதுபோல், இத்தகைய தேசிய நிறுவனங்களில் நேரில் போய்க் கேட்டுச் சேர முடியாது. அவர்கள் அறிவிக்கும் பயிற்சிகளுக்கும் கோடைத் திட்டங்களுக்கும் துறைத்தலைவரின் கடிதத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். அதற்காக ஒதுங்கிவிட வேண்டாம். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அந்த வானொலித் தொலைநோக்கி, கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவாகி 1970-இல் பணிக்கு வந்தது. அந்த இடத்தின் அட்சக்கோடு எவ்வளவோ அதே அளவு, அதாவது 11 பாகை சரிந்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்து அதைக் கட்டினார்கள்; அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே அச்சில் சுழற்றியே ஒரு வான்பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. அண்டக்கதிர் ஆய்வகத்தின் கிரேப்ஸ்-3 கருவிகள், 2014 டிசம்பர் 1 அன்று உதகையின் மேல் நின்ற ஓர் இடிமேகத்தில் 1.3 ஜிகாவோல்ட் (130 கோடி வோல்ட்) மின்னழுத்தம் இருந்ததை, அண்டக்கதிர்களால் வளிமண்டலத்தில் உண்டாகும் மியுவான் துகள்களைக் கொண்டு அளந்தன. அந்த முடிவு 2019-இல் வெளியானது. இயற்பியல் மாணவி ஒருவர் தன் வீட்டுக்கு அருகிலேயே இவை நடக்கின்றன என்பதை அறிந்து, பார்வையாளராகவாவது ஒருமுறை சென்றுவர வேண்டும்.

ஆனால் நாளையே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. கொடைக்கானல் ஆய்வுக்கூடம் 1899-இல் நிறுவப்பட்டது. சூரியப் புள்ளிகளின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது இங்கேதான். நூறாண்டுக்கும் மேலாக அங்கே எடுத்த சூரியப் படங்களை மின்னுருவாக்கி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். தோழி தன் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரைத் துணையாகக் கொண்டு, அடுத்தடுத்த நாட்களின் படங்களில் ஒரு சூரியப் புள்ளி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால், சூரியனின் நடுக்கோட்டுப் பகுதி ஏறத்தாழ 25 நாளில் ஒரு சுற்றுச் சுற்றுவதையும் துருவம் நோக்கிப் போகப் போக அது மந்தமாவதையும் தன் கையாலேயே பெறலாம். பேருந்துச் செலவும் இல்லை. இப்படி ஒரு வேலையை முடித்து, நான்கு பக்க அறிக்கையோடு கோடைத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பவரின் கடிதம் தனியாகத் தெரியும்.

சோலைப் பணியாளர்:

களப்பணி சார்ந்த ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேட்டவருக்கு இப்போது தேவைப்படாமல் இருக்கலாம். சோலைக்காட்டிலும் மலைப்புல்வெளியிலும் மாதிரி எடுக்கப் போவதென்றால் வனத்துறையின் அனுமதிக் கடிதத்தில் தன்னார்வலரின் பெயரும் இருக்க வேண்டும். முக்குருத்தி போன்ற தேசியப் பூங்காக்களில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆய்வுக்கென்றே தனி அனுமதி வேண்டும். ஆய்வு மாணவர் தன் பெயருக்கு வாங்கிய கடிதத்தைக் காட்டி மற்றவர்களையும் கூட்டிப்போகலாம் என்று சொன்னால் போகாதீர்கள். சோதனைச் சாவடியில் அகப்படுவது நீங்கள்தான். தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளுக்கு அருகில் வேலை என்றால் அங்குள்ள பெரியவர்களிடம் முதலில் சொல்லி, அவர்கள் காட்டும் எல்லைக்கு வெளியே நிற்பதுதான் முறை.

பேராசிரியர் ஐயா கரிப்புல் சதுப்பு மாதிரிகளைக் குறிப்பிட்டதால் ஒரு செய்தி. நீலகிரிச் சதுப்புகளின் கரிப்புல் அடுக்கில் உள்ள கார்பன் ஐசோடோப்புகளை (எடையில் வேறுபடும் கார்பன் அணு வகைகளை) அளந்து, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளில் காடும் புல்வெளியும் மாறி மாறி விரிந்ததையும் சுருங்கியதையும் காட்டிய ஆய்வு 1993-இல் வெளியானது. வெறும் புல்தானே என்று சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்ட இடங்கள் மனிதன் அழித்த காட்டின் மிச்சம் அல்ல, தொன்மையான புல்வெளிகள் என்பதற்கு அது வலுவான சான்று. நம் ஊர் மாணவர்கள் இந்த ஆய்வுகளுக்குள் வர வேண்டும் என்று நான் விரும்புவதற்குக் காரணம் இதுதான்: எந்த மேட்டில் முன்பு நீரூற்று இருந்தது, எங்கே சீகை எந்த ஆண்டில் பரவியது என்பதையெல்லாம் அவர்கள் வீட்டுப் பாட்டியிடமே கேட்டறிய முடியும். வெளியிலிருந்து வருகிற ஆய்வாளருக்கு அது கிடைக்காது.

கோத்தகிரி மாணவி:

நேற்று வீட்டில் பேசினேன். மாலை ஐந்து மணிக்குள் பேருந்து ஏறிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அப்பா ஒப்புக்கொண்டார். கடிதத்தின் வரைவைக் கீழே இடுகிறேன். திருத்தித் தர வேண்டுகிறேன்.

‘மதிப்பிற்குரிய ஐயா, நான் இளங்கலைத் தாவரவியல் இரண்டாமாண்டு மாணவி. சென்ற பருவத்தில் தங்கள் ஆய்வகத்தைப் பார்வையிட்டேன். திசு வளர்ப்பில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. எந்த வேலை கொடுத்தாலும் செய்யத் தயாராக இருக்கிறேன். ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் வந்து உதவ அனுமதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.’

ஓய்வுபெற்ற பேராசிரியர்:

கடிதம் பணிவாக இருக்கிறது. ஆனால் இதைப் படிக்கும் வழிகாட்டிக்கு முடிவெடுக்க எதுவும் கிடைக்காது. ‘எந்த வேலை கொடுத்தாலும்’ என்பதை நீக்கிவிடுங்கள். அதற்குப் பதிலாக, ‘ஊடகம் தயாரிப்பதையும் தளிர்களைப் புதிய ஊடகத்துக்கு மாற்றுவதையும் கற்க விரும்புகிறேன், தொடக்கத்தில் குடுவைத் தூய்மையிலும் பதிவேடுகளிலும் உதவுகிறேன்’ என்று எழுதுங்கள். ‘ஓய்வு கிடைக்கும்போதெல்லாம்’ என்பது எந்த நாளையும் குறிக்கவில்லை. ‘சனிக்கிழமை காலை பத்து முதல் மாலை நான்கரை வரையும், புதன்கிழமை பிற்பகலும், ஏப்ரல் மாதப் பருவத் தேர்வு தொடங்கும் வரை வர இயலும், தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்கள் விடுப்பு வேண்டும்’ என்று இருக்கட்டும். அந்த ஆய்வகத்தின் ஆய்வேட்டில் நீங்கள் படித்த ஒரு பகுதியைக் குறிப்பிட்டு ஒரு வரி சேருங்கள். துறைத்தலைவரின் ஒப்புதல் கையொப்பத்தோடு, உங்கள் தந்தையின் சம்மதக் கடிதத்தையும் இணைத்துவிடுங்கள். மாணவியரைச் சேர்ப்பதில் அலுவலகம் எழுப்பும் முதல் கேள்விக்கு அது விடையாகும்.

திசு வளர்ப்பு ஆய்வு மாணவி:

ஐயா சொன்னவற்றோடு ஒன்று: கடிதத்தை அஞ்சலில் அனுப்பாமல் நேரில் கொடுங்கள், அதிலும் மதிய உணவுக்குப் பிறகு போங்கள். காலையில் ஊடகம் ஊற்றும் நேரத்தில் யாரும் தலைநிமிர்ந்து பேசமாட்டார்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் மறுபடியும் போய்க் கேளுங்கள்; அதில் தவறில்லை. அவர் இடமில்லை என்றால், வேறு யாரைக் கேட்கலாம் என்று அவரிடமே கேட்டுவிட்டு வாருங்கள்.